மிளகாய் மண்டிக் கவிஞர்

ராயபுரத்தில் எங்கள் வீடு மிளகாய் மண்டிக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே மூட்டை இறங்கினால் மேலே தும்மல் ஏறும். விருந்தாளிகள் வந்தால் கொஞ்ச நேரம் பேச்சே நடக்காது. மூக்கைத் துடைத்து, கண்ணைத் துடைத்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் 'சௌக்கியமா' என்று கேட்பார்கள். வீட்டில் இருக்கும் நாங்கள் தும்முவதில்லை, பழகிவிட்டது. நான் கட்டிய பாட்டுகள் எல்லாம் அந்த நெடியில் கட்டியவை. கேட்டவர்கள் அவற்றில் தேன் சொட்டுகிறது என்றார்கள்.

மண்டி அண்ணனுடையது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆரம்பித்தார். அவர் காலமான பிறகு அண்ணன் கைக்கு வந்தது. மிளகாய் வத்தல், புளி, கருப்பட்டி, எல்லாம் மொத்த வியாபாரம். எனக்குப் பதினாறு வயதில் கல்யாணம் நடந்தது. மறு வருஷமே விஷக் காய்ச்சலில் என் கணவர் போய்விட்டார். அவரோடு மொத்தமாகப் பேசிய பேச்சை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். அண்ணன் வந்து என்னைத் திரும்ப அழைத்துக்கொண்டு போனார். இவளை இனிமேல் மூலையில் உட்கார வைக்க வேண்டியதுதான் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது, "எந்தங்கச்சி எதுக்கு மூலையில உக்காரணும்? அவ படிப்பா" என்று எல்லார் முன்னாலும் சொன்னவர் அவர். உலகச் சண்டைக் காலத்தில், குண்டு விழும் என்று பட்டணமே காலியாகி ஊரெல்லாம் ஓடியபோதும் என் படிப்பை நிறுத்தவில்லை. ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினார், பிறகு தமிழ் வித்துவான் பரீட்சைக்குப் பணம் கட்ட வைத்தார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப் போவதைக் கேட்டுவிட்டு அண்ணன் கெட்டவர் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. நல்லவர்தான். அதுதான் எனக்குத் தொந்தரவாகப் போயிற்று. கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுக்கொண்டு வெளியே போயிருப்பேன். நல்லவரோடு எப்படிச் சண்டை போடுவது?

பக்கத்திலேயே இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை வேலை கிடைத்தது. நடந்து போகிற தூரம்தான். ஆனால் மண்டிக்காரர் தங்கை, அதிலும் கைம்பெண், தெருவில் நடந்து போகலாமா? அதனால் ஒரு கை ரிக்‌ஷா ஏற்பாடாயிற்று. முன்னால் ஒரு திரை தொங்கும். நான் ஏறி உட்கார்ந்ததும் அண்ணன் மண்டி வாசலில் நின்று திரை சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார், பிறகுதான் வண்டி நகரும்.

ராயபுரத்திலேயே குடியிருந்துகொண்டு கடலைப் பார்த்ததில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. சத்தம் கேட்கும். உப்பு வாடை வரும். அலமாரிக் கீல்கள் துருப்பிடிக்கும். ஆனால் எங்கள் மாடி ஜன்னல் ஒரு சந்துப் பக்கம் பார்த்தது. கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ரயில் பாதையும் கிடங்குகளும் இருந்தன. பள்ளிக்குப் போகும் வழியில் ஓர் இடத்தில், காற்று தயவு பண்ணித் திரையை விலக்கினால், இரண்டு கிடங்குகளுக்கு இடையில் ஒரு ரவிக்கைத் துணி அகலத்துக்கு நீலம் தெரியும். அதை நான் முழுசாகப் பார்ப்பதற்குள் வண்டி திரும்பிவிடும்.

ரிக்‌ஷாக்காரர் வாயாடி. "இன்னா டீச்சரம்மா, உள்ள கம்முனு கீறீங்க? தூங்கிட்டீங்களா?" என்பார். நான் உள்ளே பாட்டுக் கட்டிக்கொண்டிருப்பேன். எழுத மேசை வேண்டும், தனிமை வேண்டும் என்றெல்லாம் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். எனக்குக் கிடைத்த ஒரே தனிமை அந்தத் திரைக்குப் பின்னால் இருந்ததுதான். ஒருநாள் அவரிடம், கடலோரமாகச் சுற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். வண்டியை நிறுத்திவிட்டார். "ஐயே, வாணாம்மா. உங்க அண்ணாத்தைக்குத் தெரிஞ்சிதுன்னா எம் பொயப்பு பூடும்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அதன்பிறகு நானும் கேட்கவில்லை.

பள்ளியில் நான் சந்தோஷமாகவே இருந்தேன். மீனவக் குப்பத்துப் பெண்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள், ரயில்வே குடியிருப்பிலிருந்து வரும் தெலுங்குப் பிள்ளைகள் என்று வகுப்பு கலகலவென்று இருக்கும். நான் செந்தமிழில் ஒரு வாக்கியம் சொன்னால் அவர்கள் அதை உடனே தங்கள் தமிழுக்கு மாற்றித் திருப்பிக் கொடுப்பார்கள். 'தலைவி வருந்துகிறாள்' என்று நான் சொல்ல, "அந்தப் பொண்ணு பேஜாராக்கீது" என்று ஒருத்தி எழுந்து சொன்னாள். திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சிரித்துவிட்டேன்.

இனிப் பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆட்களின் கல்யாணங்களில் வாழ்த்துப்பா வாசிப்பது ஒரு வழக்கம். ரோஜா நிறத்திலோ பச்சை நிறத்திலோ ஒரு தாள். சுற்றிலும் பூக்கரை, மேலே பிள்ளையார் படம், நடுவில் மாப்பிள்ளை பெண்ணைப் புகழ்ந்து சில வெண்பாக்கள். அடியில் 'இங்ஙனம்' என்று போட்டு, வாழ்த்துகிற வியாபாரியின் பெயரும் மண்டியின் பெயரும். தாலி கட்டியவுடன் அதை ஒருவர் உரக்க வாசிப்பார். எல்லாருக்கும் ஆளுக்கொரு தாள் கிடைக்கும். சிலர் அதைக் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள், சிலர் அதிலேயே சந்தனத்தைத் துடைப்பார்கள். பெரும்பாலான மண்டிகளில் ஒரே பாட்டைப் பெயர் மாற்றி மாற்றி அச்சடித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனுடைய கூட்டாளி வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. "ஏட்டி, நீதான் வித்துவான் படிச்சிருக்கியே. புதுசா ஒண்ணு எழுதிக் குடேன்" என்றார். எழுதினேன். சந்தோஷமாகத்தான் எழுதினேன். அச்சுக்குப் போவதற்கு முன்னால், அடியில் என் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். அண்ணன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஆனா கல்யாணப் பாட்டுக்கு அடியில உம் பேரு இருந்தா பொண்ணு வீட்டுல சும்மா இருப்பாவளா, சொல்லு" என்றார். உண்மைதான். தாலி கட்டும் நேரத்தில் நான் பந்தலிலேயே நிற்க முடியாது. சமையல்கட்டுப் பக்கம் வெற்றிலை துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அங்கிருந்து, கெட்டிமேளம் அடங்கியும் அடங்காமலும், என் பாட்டை அண்ணன் வாசிப்பதைக் கேட்பேன். என் வாழ்த்து வேண்டும், வாழ்த்தியவள் மட்டும் கண்ணில் படக் கூடாது. இந்த நியாயத்தை யார் ஏற்படுத்தினார்களோ, அவர்கள் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அண்ணனுக்கு நல்ல குரல். மண்டியில் ஏலம் கூறிக் கூறிப் பண்பட்ட குரல். எந்த இடத்தில் நிறுத்தினால் சபை தலையாட்டும் என்று அவருக்குத் தெரியும். ஒரு கல்யாணம் நாலாயிற்று, நாலு நாற்பதாயிற்று. 'மண்டியார் பாட்டு' என்று பெயராகிவிட்டது. தை மாதமும் ஆவணி மாதமும் வந்தால் நான் பரீட்சைத் தாள் திருத்துவதா, கல்யாணப் பாட்டுக் கட்டுவதா என்று திணறுவேன். முதலில் யாராவது 'கவிஞர்' என்று கூப்பிட்டால் அண்ணன் கூச்சப்பட்டுக்கொண்டு என் பக்கம் பார்ப்பார். பிறகு பார்ப்பதில்லை. சால்வை போட ஆரம்பித்தார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "போன வாரப் பாட்டுல மூணாவது வெண்பா எப்படி விழுந்திருக்கு, பாத்தியா?" என்று என்னிடமே கேட்டார். அண்ணன் மனைவி, என் மதினி, ரசத்தை ஊற்றாமல் கரண்டியோடு நின்றாள். நான் என்ன சொல்வது? "நல்லா இருந்துச்சு அண்ணே" என்றேன். அவருக்கு ரொம்பத் திருப்தி.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அத்தனை பேர் சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. மிளகாய் நெடி எங்களுக்குப் பழகிய மாதிரிதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஐம்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு ஒரு வழி திறந்தது. மதுரைப் பக்கம் ஓர் ஊரில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்க ஆள் தேடினார்கள். எங்கள் தலைமையாசிரியை எனக்காகச் சொல்லியிருந்தார். கோடை விடுமுறை முடிந்ததும் வந்து சேரும்படி உத்தரவு வந்தது. ஆசிரியைகளுக்குத் தனித் தனி அறை, பள்ளி வளாகத்துக்குள்ளேயே வாசம், ரிக்‌ஷா தேவையில்லை என்று தலைமையாசிரியை சொன்னார். எனக்கு வகுப்பறைகூட நினைவுக்கு வரவில்லை. அந்த அறைதான் வந்தது. கீழே மூட்டை இறங்காத ஓர் அறை. அதில் உட்கார்ந்து, யாருடைய கல்யாணத்துக்கும் இல்லாத ஒரு பாட்டை எழுத வேண்டும். என் பெயரை அடியில் நானே எழுத வேண்டும். அதற்குமேல் எனக்கு ஓர் ஆசையும் இருக்கவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நான் வாதாடியிருப்பேன். "போவியாம், போவியாம். சித்திரையில ரெண்டு கல்யாணம் இருக்கு, அது முடியட்டும்" என்றார். அது முடிந்தது. "வைகாசியில நம்ம சங்கக் கட்டடம் திறக்காவ. அதுக்கு ஒரு பாட்டு மட்டும் எழுதிக் குடுத்துரு. திறந்த மறுநாளே நானே உன்னை ரயிலேத்தி விடுதேன்" என்றார். சங்கம் என்றால் எங்கள் பக்கத்து வியாபாரிகள் சேர்ந்து வைத்திருந்த சங்கம். வருஷக்கணக்காகக் கட்டி முடித்த மண்டபம் அது. திறப்பு விழாவில் அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்துவதாகப் பேச்சு. என் பாட்டில்லாமல் பொன்னாடை ஏது?

இந்தத் தடவை அண்ணன் சொன்னதைச் செய்தார். ரயிலுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். என் தகரப் பெட்டியை மண்டிப் பையன்களை விட்டுக் கயிறு போட்டுக் கட்டச் சொல்லி, கீழே தராசுக்குப் பக்கத்தில் வைக்கச் செய்தார். நான் படியிறங்கும்போதெல்லாம் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். கட்டடத்துக்கான பாட்டை அவ்வளவு பிரியமாக எழுதினேன், கடைசிப் பாட்டு என்பதால்.

விழா சாயங்காலம். மண்டபம் கொள்ளாத கூட்டம். ஆண்கள் மேடைக்கு எதிரே, பெண்கள் ஓரமாகத் தூண்களுக்குப் பின்னால். நான் அதிலும் கடைசி வரிசையில், பந்திக்குப் போகும் வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மதினி. சிறப்பு விருந்தினராகப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெரிய தமிழ்ப் பேராசிரியர் வந்திருந்தார். வயதானவர், வெள்ளை மீசை, யாரைப் பார்த்தாலும் சிரிக்கிற முகம். அண்ணன் பாட்டை வாசித்தார். அன்றைக்கு அவர் வாசித்த மாதிரி எந்தக் கல்யாணத்திலும் வாசித்ததில்லை. பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் என் பாட்டைக் கண்மூடிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெருமைதான் வினையாயிற்று. பேராசிரியர் பேச எழுந்தார். "நல்ல வெண்பா கேட்டு எத்தனையோ காலமாயிற்று. வியாபாரம் செய்கிற இடத்தில் இப்படி ஒரு புலவர் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. புலவரை நேரில் பார்த்துவிட்டு ஓர் ஈற்றடி கொடுக்காமல் போனால் அது அவருக்கு மரியாதை ஆகாது" என்றார். புலவர்களுக்குள் அது ஒரு விளையாட்டு. வெண்பாவின் கடைசி அடியை ஒருவர் சொல்ல, மற்றவர் அந்த இடத்திலேயே முன்னடிகள் மூன்றையும் பாடி முடிக்க வேண்டும். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, கௌரவிக்கத்தான் செய்தார். "கடலோரத்தில் இருக்கிறீர்கள். கடலையே வைத்துக்கொள்ளுங்கள். 'கரைக்குள்ளே நிற்கும் கடல்' என்று முடியட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அண்ணன் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றார். கையில் இருந்த தாளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்தார். சபை அவர் யோசிக்கிறார் என்று நினைத்து மரியாதையாகக் காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் யாரோ இருமினார்கள், யாரோ செருமினார்கள். அண்ணன் பெண்கள் பக்கம் திரும்பினார். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. தூண் தூணாகத் தேடினார். மதினி என் கையை நசுக்கினாள். "ஏதாவது செய்யேன்" என்றாள்.

அண்ணனைக் காப்பாற்றப் பாடினாள் என்றுதான் மதினி இன்றும் எல்லாரிடமும் சொல்கிறாள். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் நடந்தது வேறு. பேராசிரியர் அடியைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்கு முதலடி வந்துவிட்டது. இரண்டாவது அடி அதன் காலைப் பிடித்துக்கொண்டே வந்தது. மூன்றாவதும் வந்த பிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வந்த பாட்டை வைத்துக்கொண்டு வாயை மூடியிருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து நின்று பாடிவிட்டேன்.

திரைவந்து மோதும் திரும்பும் தினமும்
உரையொன்றும் சொல்லா தொடுங்கும் – இரைந்து
விரைந்தெழுந்தால் ஊரேது? வேண்டாமென் றெண்ணிக்
கரைக்குள்ளே நிற்கும் கடல்.

ஒலிபெருக்கி இல்லாமலே மண்டபம் முழுவதும் கேட்டது. எனக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. மங்கல காரியத்தில் கைம்பெண் வாயைத் திறந்துவிட்டாளே என்று பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்புக் கிளம்பியது. பேராசிரியர் எழுந்து நின்று கை தட்டினார். முணுமுணுப்பு அடங்கிற்று. "யாரம்மா அது?" என்று கேட்டார்.

"எந்தங்கச்சிங்க" என்றார் அண்ணன்.

அந்த இடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன். சத்தியமாக நம்பினேன். பேராசிரியர் அண்ணனைப் பார்த்து, "உங்களிடம் பயின்றவரா?" என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் எங்கே நிற்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. பிறகு தலையை ஆட்டினார். "ஆமாங்க" என்றார்.

பேராசிரியருக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. "பார்த்தீர்களா? இதற்கெல்லாம் தான் எதற்குப் பாட வேண்டும், தங்கையே போதும் என்று புலவர் பேசாமல் நின்றிருக்கிறார்" என்றார். சபை ஆரவாரம் செய்தது. அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன், யாரும் உட்காரச் சொல்லவில்லை. அதற்குள் சங்கத் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டார். இந்த மண்டபத்திலேயே நம் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிக்க வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். தகுந்த ஆள் கிடைக்காமல் இருந்தது. இப்போது கிடைத்துவிட்டது, நம் கவிஞர் தங்கையே தலைமையாசிரியை என்று அறிவித்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, சம்மதம்தானே?" என்று அண்ணனைக் கேட்டார்.

"சபை சொன்னா சரிதான்" என்றார் அண்ணன்.

வீட்டுக்கு வந்ததும் நான் மேலே போகாமல் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றார்.

"நாளைக்கு ரயிலு, அண்ணே" என்றேன்.

"அத்தன பேரு முன்னால கேட்டுட்டாவ. நான் எப்படி மாட்டேம்பேன்?"

"என்னைக் கேக்கலியே."

அவர் மூட்டைமேல் உட்கார்ந்தார். "நீ பாடலன்னா நான் இன்னைக்கி செத்திருப்பேன்ட்டி" என்றார். அழுதார். மிளகாய் மண்டியில் அழுதால் கண்ணைத் துடைக்கக் கூடாது, துடைத்தால் இன்னும் எரியும். அவர் துடைத்தார். நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அதை அவர்மேல் காட்ட முடியாதபடி அவர் எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

மதினி வெகுநாள் கழித்து ஒரு விஷயம் சொன்னாள். ஒலிபெருக்கி முன்னால் வாயடைத்து நின்றபோது அண்ணன் மனதில் சத்தியம் செய்துகொண்டாராம். இந்த வேஷம் இன்றோடு போதும், தங்கச்சியை ரயிலேற்றிவிட்டு, இனிப் பாட்டுப் பக்கமே போவதில்லை என்று. அதாவது நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், மறுநாள் ரயிலேறியிருப்பேன். இதை மதினி ஏதோ ஆறுதல் போலச் சொன்னாள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பயிற்சிப் பள்ளிக்கு வேறொருவர் போனார். சங்கப் பள்ளி ஆடி கழித்துத் தொடங்கிற்று. மண்டபத்தைத் தட்டி வைத்து வகுப்பு வகுப்பாகப் பிரித்தார்கள். அண்ணன் தாளாளர், நான் தலைமையாசிரியை. கல்யாணப் பாட்டுகள் முன்போலவே நடந்தன. இப்போது அண்ணனுடைய பெயருக்கு முன்னால் ஒரு பட்டமும் சேர்ந்துகொண்டது. நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவை பாட்டை எழுதாமல் கடைசி நாள்வரை இழுத்தடித்தேன். அச்சகத்துக்காரர் வாசலில் வந்து உட்கார்ந்தார், பெண்ணைப் பெற்றவர் வந்து கும்பிட்டார். ஒன்றும் அறியாத அந்தப் பெண்ணை நினைத்து எழுதிக் கொடுத்துவிட்டேன். கயிறு கட்டிய பெட்டியை மதினி ஒருநாள் பிரித்து, உடம்புக்கு உதவாத துணிகளைப் போட்டுவைத்தாள். உள்ளே எல்லாம் மிளகாய் நெடி ஏறியிருந்தது.

பள்ளி ஆண்டு விழாவில் அந்த வெண்பாவைக் கல்லில் வெட்டி மண்டப வாசலில் பதிக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அடியில் யார் பெயர் என்ற கேள்வியே எழவில்லை. பாடியது தங்கையானாலும் வித்தை அண்ணனுடையதுதானே, கற்றுக்கொடுத்தவர் பெயரைப் போடுவதுதான் முறை என்று சங்கத் தலைவர் சொன்னார். என் எதிரில்தான் சொன்னார். கல்லில் வெட்டினார்கள். பிள்ளைகள் தினமும் காலை வணக்கத்தில் அதைச் சேர்ந்து பாடுவார்கள். நான் முன்னால் நின்றுகொண்டு தாளம் தப்பாமல் பார்த்துக்கொள்வேன்.

திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊர்ப் பெண்களுக்கென்று ஆரம்பித்த பள்ளி. ஆனால் பெரியவளானதும் ஒவ்வொருத்தியையும் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். வகுப்பு காலியாகாமல் இருக்கக் குப்பத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டோம். எனக்கு அதில் சந்தோஷம். பழைய வகுப்பு திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

ஒரு வருஷம், பள்ளி திறந்த புதிதில், வழக்கம்போல வாசல் வெண்பாவுக்குப் பொருள் சொன்னேன். கடல் நினைத்தால் ஊரையே விழுங்கிவிடும், இருந்தும் வேண்டாம் என்று தானே எண்ணி நிற்கிறது, அதை அடக்கியது கரையல்ல என்று விளக்கினேன். வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி அது வேறு யாரோ எழுதிய பாட்டு மாதிரியே எனக்கும் ஆகியிருந்தது. பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "கவிஞர் இதில் நமக்கு என்ன சொல்கிறார்?"

முன் வரிசையில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி எழுந்தாள். "பொம்பளப் பிள்ளைங்க அடங்கி வீட்டுக்குள்ள இருக்கணும்னு சொல்லுதாரு டீச்சர்" என்றாள். ஒரு வாரத்துக்கு முன்னால்தான் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் தவறு என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. "வேறு யாராவது?" என்றேன்.

கடைசி வரிசையிலிருந்து குப்பத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். கொஞ்சம் துடுக்குக்காரி. "இது பொய்ப் பாட்டு டீச்சர்" என்றாள்.

"ஏன்?"

"கடலு எங்க டீச்சர் நிக்குது? அதுக்கு இன்னா கரை? வருசா வருசம் உள்ள வந்துகினே கீது. போன மயைல எங்க வூட்ட அப்டியே அட்ச்சிகினு பூட்ச்சி. நாங்க இப்ப மாமா வூட்டாண்டதான் கீறோம்."

நான் அவளை உட்காரச் சொல்லவில்லை. அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"கடல நேரா பாத்தவங்க யாருனா இப்டி எய்துவாங்களா டீச்சர்? இத்த எய்தினவரு கடலப் பாத்ததே இல்ல."

பிள்ளைகள் வாசல் கல்லைத் திரும்பிப் பார்த்தார்கள். அதில் அண்ணனின் பெயர் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்கள். தாளாளரைச் சொன்னதற்கு அவளை நான் அடிப்பேன் என்று காத்திருந்தார்கள். எத்தனையோ பேர் அந்தப் பாட்டைப் புகழ்ந்திருக்கிறார்கள். அதை எழுதியவள் யார், எங்கே இருந்துகொண்டு எழுதினாள் என்று அந்தப் பாட்டைக் கேட்டே சொன்னவள் அவள் ஒருத்திதான்.

"ஆமாம்" என்றேன். "பார்த்ததில்லை."

அவள் திருப்தியாக உட்கார்ந்தாள். மணி அடித்தது. வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றிருந்தது. நான் ஏறி உட்கார்ந்ததும் ரிக்‌ஷாக்காரர் திரையை இறக்கிவிட்டார்.